முதல் சுற்றில் முந்தாதே!

முயலுக்கும் ஆமைக்கும் நடந்த பந்தயத்தில் முயல் தூங்கிப் போனதால் தோற்றது என்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே எந்த முயலும் தூங்குவதில்லை. விசில் ஊதியதும் அம்பு மாதிரிப் பாய்கிறது. இரண்டாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது!

தோற்றதில் வருத்தமில்லை. "எனக்கு ஓடவே வராது, அம்மா" என்று அந்தக் குழந்தை முடிவு கட்டிவிடுகிறதே, அதுதான் வருத்தம். பெண் குழந்தையானால் மறு வருஷம் பெயர் கொடுக்கவே தயங்குவாள். அவள் காலில் ஒரு குறையும் இல்லை. 100 மீட்டர் ஓடுகிற வேகத்தில் 1500 மீட்டரை ஆரம்பித்துவிட்டாள், அவ்வளவுதான்.

முதல் தேதி வந்த சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் செலவழித்துவிட்டால் மாதக் கடைசியில் என்ன பாடு என்பதைக் குடும்பத் தலைவிகளுக்குச் சொல்ல வேண்டுமா? ஓட்டத்தில் மூச்சும் அப்படித்தான்.

பெரிய வீரர்களும் இதற்கு விலக்கல்ல. 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக் மாரத்தானுக்கு, உலகிலேயே மிகக் குறைந்த நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடந்தவர் என்ற பெயருடன் வந்தார் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ். ஆரம்பத்திலேயே அதிவேகமாக முன்னால் ஓடினார். பாதி வழிக்கு மேல் தசை பிடித்துக்கொண்டது, முடிக்காமலே விலகினார். ஜெயித்தவர் எமில் ஸாட்டபெக். அவருக்கு அதுதான் முதல் மாரத்தான்!

1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக்குகளில் 9 தங்கப் பதக்கம் பெற்ற பின்லாந்தின் பாவோ நூர்மி, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓடுவார். பக்கத்தில் ஓடுகிறவர் எப்படிப் போனால் என்ன, தம் வேகம் தம் கணக்குப்படி என்பது அவர் கொள்கை.

நம் குழந்தைக்குக் கடிகாரம் வேண்டாம், மூச்சே போதும். பூங்காவில் கூடவே ஓடிக்கொண்டு, "இன்றைக்கு டிபன் என்ன பண்ணட்டும்?" என்று கேளுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. "தோ... சை..." என்று துண்டு துண்டாக வந்தால் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விளையாட்டு: மூன்று சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த குழந்தைக்குப் பரிசு கிடையாது. எந்தக் குழந்தையின் மூன்று நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதோ, அதற்குத்தான் பரிசு! சில வாரங்களில் வேகத்தின் அளவு கால்களுக்கே தெரிந்துவிடும்.

வெயிலிலும், சாப்பிட்ட உடனேயும் ஓட வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் தரத் தவறாதீர்கள். மார்வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி, டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பந்தயத்தன்று முதல் சுற்றிலேயே, "ஓடு, ஓடு!" என்று கத்தாதீர்கள். "மெதுவா, கண்ணு!" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சக் குரலைக் கடைசிச் சுற்றுக்குச் சேர்த்து வையுங்கள். அப்போதுதான் அது அவளுக்குத் தேவைப்படும்.