பிரிச்சது யாரு?

'திருச்சபையின் ஒற்றுமையைக் குலைக்காதீர்கள்.' தலித் கிறித்தவன் வாயைத் திறந்தாலே பீடத்திலிருந்து வருகிற உபதேசம் இது. குலைக்கிறதுக்கு ஒற்றுமை எப்போ இருந்துச்சு தோழர்களே?

1872இல் வடக்கன்குளத்தில் கட்டிய கோயிலே கால்சட்டை மாதிரி ரெண்டாய்ப் பிரிந்து நின்றது. சாதிக்கொரு பக்கம், நடுவில் சுவர். 1910இல் பாதிரியார் சுவரை இடிக்க, வேளாளக் கிறித்தவர்கள் அவர்மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களை யாரும் பிரிவினைக்காரர்கள் என்று சொல்லவில்லை.

ஏறக்குறைய நூறு வருசம் கழித்து எறையூர். செத்தாலும் தனிக் கல்லறைதான் என்றிருந்த தலித்துகள் 'அப்போ பங்கையும் தனியாக் கொடு' என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9இல் வன்னியக் கிறித்தவர்கள் தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இருவர் செத்தார்கள். அந்த ரெண்டு உயிரும் சாதிக்குப் போன பலிதான்.

தனிப் பங்கு நம் கனவல்ல. வேறு வழியில்லாதவன் கேட்பது. சுவர் எழுப்பினவன் விசுவாசி, சுவரைச் சுட்டிக்காட்டினவன் பிரிவினைக்காரனா?

ஆயர்களே, அறிக்கை போதும். கல்லறை ரெண்டாயிருக்கிற ஊரில் திருவிழாத் தேர் ஓடாது என்று சொல்லுங்கள். சொன்ன சொல்லில் நில்லுங்கள். பிறகு ஒற்றுமை பற்றிப் பேசலாம், நாங்களும் வர்றோம்.