முகம் காட்டட்டும் கம்ப்யூட்டர்!

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் பட்டயப் படிப்பு மாணவன்)

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பானையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் போதும். கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைத் திறந்தவுடன் உள்ளே இருக்கும் போட்டோக்கள் சின்னச் சின்னதாகத் தெரிகிறதே, அதுவும் இந்த ஒரு சோறு மாதிரிதான். ஆங்கிலத்தில் தம்ப்நெய்ல் என்கிறார்கள். கட்டை விரல் நகம் என்று அர்த்தம். நகத்தளவுப் படம். தமிழில் சிறுபடம் என்று சொல்லலாம்.

இதைப் பற்றி ஆண்டு மலரில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஆறு மாதத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். அப்பா கொத்து வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் மழைக்கு ஒதுங்கிய இடம் அவருக்கு, கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பத்தா 2016-ல் இறந்துபோனது. அது உயிரோடு இருக்கும்போது முதியோர் உதவித்தொகைக்காக ஒரே ஒரு தடவை ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். இறந்த பிறகு அதைத்தான் பெரிசு பண்ணி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டு ஓடும் பறந்தது. மழைத் தண்ணியில் ஊறி அப்பத்தாவின் முகம் கண்ணாடியோடு ஒட்டி அழிந்துபோனது. நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திதிக்கும் அப்பா அந்த ஸ்டூடியோவுக்குப் போய் நிற்பார். ஸ்டூடியோக்காரரும் நல்ல மனிதர்தான். "இல்லைன்னு சொல்லலண்ணே, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் எங்கேயோ கெடக்கு. ஆறாயிரம் போட்டோ இருக்கு. எதுன்னு தேடுறது?" என்பார். கேமராவில் தேதியைச் சரியாக வைக்காததால் எல்லாப் படத்துக்கும் ஒரே வருஷம் விழுந்திருக்கிறது. பெயரோ, கேமரா வைத்த பெயர்: டி.எஸ்.சி. 2416, டி.எஸ்.சி. 2417 என்று வரிசையாக ஓடும்.

போன வருஷம் நானும் கூடப் போனேன். அவர் போல்டரைத் திறந்து காட்டினார். எனக்கு ஆச்சரியம்! ஆறாயிரம் போட்டோவுக்கும் ஒரே மாதிரி ஒரு மலை, ஒரு சூரியன் போட்ட பொம்மைச் சின்னம். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் பொழுது விடிந்துவிடும். சிறுபடம் காட்டும் வசதியை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. "அண்ணே, ஒரு செட்டிங்ஸ் மாத்திப் பாக்கட்டுமா?" என்றேன். அவர் பதறினார். "தம்பி, எதையும் நோண்டாதப்பா! போன தடவை ஸ்லோவா இருக்குன்னு சர்வீஸ்காரர் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு. மறுபடி கெட்டா யாரு பாக்குறது?" என்றார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கெட்டுப்போனதை அந்த சர்வீஸ்காரர் சரிசெய்தது உண்மை. பழைய மெஷின், வேகம் வேண்டும் என்று 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் தன் அலங்காரங்களை எல்லாம் நிறுத்துவதோடு சிறுபடத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். அவர் மேல் குற்றமில்லை. 4000-க்கு 3000 புள்ளி உள்ள ஒரு போட்டோ என்றால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அதைச் சுருக்கி 256-க்கு 192 என்று நகத்தளவாக்கினால் 49,152 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 244-ல் ஒரு பங்கு. ஆறாயிரம் படத்துக்கு இப்படிச் சுருக்குவது பழைய மெஷினுக்குச் சுமைதான். ஆனால் ஒரு தடவை சுருக்கியதைக் கம்ப்யூட்டர் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை உடனே காட்டும். முதல் நாள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போதும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருக்கு ஒரு லேப்டாப் கிடைத்தது. அதில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் தொட்டுத்தான் நான் கம்ப்யூட்டர் பழகினேன். "நல்லா நோண்டுடா. மாத்துனத ஒரு தாள்ல எழுதி வச்சுக்க, கெட்டா திருப்பி மாத்திக்கலாம்" என்பார். அந்த லினக்ஸில் சிறுபடத்தை எப்போதும் காட்டவா, இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பைலுக்கு மட்டும் காட்டவா, காட்டவே வேண்டாமா என்று மூன்று வழி கேட்கும். இத்தனை எம்.பி.க்கு மேல் பெரிய பைல் என்றால் வேண்டாம் என்று வரம்பும் வைக்கலாம்.

விண்டோஸில் இன்னும் சுலபம். பைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதில் 'ஆப்ஷன்ஸ்', வருகிற பெட்டியில் மறுபடி 'வியூ'. (விண்டோஸ் 11-ல் மேலே உள்ள மூன்று புள்ளியை அமுக்கினால் 'ஆப்ஷன்ஸ்' வரும்.) அங்கே 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெய்ல்ஸ்' என்று ஒரு வரி. எப்போதும் சின்னத்தையே காட்டு, ஒருபோதும் படத்தைக் காட்டாதே என்று பொருள். அந்த டிக்கை எடுத்து, 'லார்ஜ் ஐகான்ஸ்' வைக்க வேண்டும். 'லிஸ்ட்' வரிசையில் இருந்தால் டிக்கை எடுத்தாலும் படம் தெரியாது. கண்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும், சிறிதாகும். அவ்வளவுதான்!

ஸ்டூடியோக்காரரிடம் இதைச் சொல்லி, பழையபடி மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, டிக்கை எடுத்தேன். ஒவ்வொரு வரிசையாகப் பொம்மை போய் முகம் வர ஆரம்பித்தது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள்... நான் உருட்ட, அப்பா குனிந்து நின்று பார்த்துக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். "நிப்பாட்டு! இந்தா, ஆத்தா!" என்றார். விரலைத் திரையில் வைத்துவிட்டார். நான் அந்த வரிசையைத் தாண்டிப் போயிருப்பேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்டுபிடித்தது படித்த நான் இல்லை. கைநாட்டான என் அப்பாதான்!

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டி.எஸ்.சி. 2417 என்று எழுதியிருப்பது எனக்கு ஒரு பெயர். அப்பாவுக்கு அது வெறும் கிறுக்கல். அவருக்குப் படம்தான் எழுத்து, முகம்தான் பெயர். சிறுபடத்தை அணைத்துவிட்டால் எனக்கு வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அவருக்கோ கதவையே சாத்திவிட்ட மாதிரி. ஏழு வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியேதான் அவர் நின்றிருக்கிறார். பூட்டியிருக்கவில்லை நண்பர்களே, சும்மா சாத்தியிருந்தது. தொடக்கூடாது என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம்.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு இந்தப் பயம் அதிகம். விலை உயர்ந்த பொருள், கெட்டுப்போனால் காசு கட்ட முடியாது. அதனால் யாரோ வைத்துவிட்டுப் போனதே விதி என்று இருந்துவிடுகிறோம். எங்கள் எலக்ட்ரிக்கல் பிரிவில் சுவிட்ச் போர்டைப் பார்த்தால் எந்த சுவிட்ச் எதற்கு என்று முதலில் கேட்போம். கம்ப்யூட்டர் செட்டிங்ஸும் ஒரு சுவிட்ச் போர்டுதானே?

அதற்காகச் சிறுபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு வருமானச் சான்றிதழை ஏற்றும்போது, சின்னதாகப் பார்த்துவிட்டு நண்பனின் சான்றிதழை என் பெயரில் ஏற்றிவிட்டேன். நகத்தளவில் எல்லாச் சான்றிதழும் வெள்ளைத் தாள், கறுப்பு வரிதான்! விண்ணப்பம் திரும்பி வந்தது. தேடுவதற்குச் சிறுபடம், முடிவு செய்வதற்கு முழுப் படம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, முக்கியமாகச் சகோதரிகளுக்கு. பிரவுசிங் சென்டரிலோ பொதுக் கம்ப்யூட்டரிலோ போட்டோவை ஏற்றிவிட்டு டெலீட் செய்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் சேமித்து வைத்த சிறுபடம் அசல் போன பிறகும் உள்ளே தங்கியிருக்கலாம். விண்டோஸில் 'டிஸ்க் கிளீனப்' போய் 'தம்ப்நெய்ல்ஸ்' என்பதை டிக் செய்து அழிக்க வேண்டும். முகம் தெரிய வேண்டிய இடமும் உண்டு, தெரியக்கூடாத இடமும் உண்டு. இரண்டையும் முடிவு செய்ய வேண்டியது நாம்தான்.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் பணிவான வேண்டுகோள்: முதலாம் ஆண்டு மாணவர்கள் சேர்ந்தவுடன், எந்தப் பிரிவாக இருந்தாலும், ஒரு மணி நேரம் செட்டிங்ஸ் வகுப்பு நடத்துங்கள். சீனியர்களே நடத்தலாம். நானும் வருகிறேன். எழுதி வைத்துக்கொண்டு மாற்று, பிறர் கம்ப்யூட்டர் என்றால் கேட்டுவிட்டு மாற்று, வேலை முடிந்தால் இருந்தபடி வை. இந்த மூன்றும் தெரிந்தால் போதும், பயம் போய்விடும்.

ஸ்டூடியோவில் வாக்குக் கொடுத்தபடி செட்டிங்ஸைப் பழையபடி மாற்றப் போனேன். அவர் என் கையைத் தடுத்து, "வேணாம் தம்பி, அப்படியே இருக்கட்டும். இன்னும் எத்தனை பேரு வந்து கேப்பாங்களோ" என்றார். இப்போது அப்பத்தா எங்கள் வீட்டுச் சுவரில் மறுபடியும் இருக்கிறது.

தொட்டுப் பார்ப்போம்! கற்றுக்கொள்வோம்! கற்றதை வீட்டுக்கும் கொண்டு போவோம்!