பட்டியல் மட்டும் போதுமா?

செயற்கை நுண்ணறிவு முகவர்களில் நாம் நிறுவும் செருகுநிரல்கள் கோப்புகளைப் படிக்கவும் கட்டளைகளை இயக்கவும் வல்லவை. அவற்றைப் பட்டியலிடும் கருவியை ஆக்கிவிட்டால் கடமை தீர்ந்ததாகுமா? ஆகாது.

2018-ஆம் ஆண்டில் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்னும் நிரல்தொகுப்புக்குள், அது சார்ந்திருந்த இன்னொரு சிறு தொகுப்பின் வழியாக, பிட்காயின் களவாடும் நிரல் புகுந்தது. அத்தகைய தொகுப்பின் பெயரையும் பதிப்பையும் பட்டியல் காட்டும், உள்நோக்கத்தைக் காட்டாது.

ஆகவே, கருவிக்கு விளக்கம் எழுதும் மாணவத் தோழர், பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறட்டும். 'இயங்குகிறது' என்பது 'சோதிக்கப்பட்டது' ஆகாது என்று தெளிவாக எழுதட்டும். ஒரு செருகுநிரல் எங்கிருந்து வந்தது, எதைத் தொட உரிமை பெற்றது என்பவற்றை அறியும் வழியையும் காட்டட்டும். விளக்கமற்ற பட்டியல், பொருளறியாது ஒப்பிக்கும் பாடமே அன்றோ!