சம்பளமில்லாப் பயிற்சி யாருக்கு?

நாட்டின் வறுமைக் குறியீட்டை வெளியிடும் நிதி ஆயோக், மாணவர்களையும் பயிற்சிக்கு எடுக்கிறது. குறைந்தது ஆறு வாரம். உதவித்தொகை கிடையாது. மடிக்கணினியையும் மாணவரே கொண்டுவர வேண்டும். இளநிலை மாணவர் என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் 85 விழுக்காடு கேட்கிறார்கள்.

இந்த விதிகளில் சாதி என்ற சொல் இல்லை. அதன் வேலையை டெல்லி வாடகை பார்த்துக்கொள்கிறது. கூலிக்குப் போகும் பெற்றோர் அந்த வாடகையை எங்கிருந்து அனுப்புவார்கள்? ஆய்வு உதவித்தொகையில் படிப்பவன் நான். அது தாமதமாகும் மாதத்தில் படிப்பு ஓடாது, வாடகைக் கவலைதான் ஓடும்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா சென்றது பரோடா அரசு தந்த மாதம் 11.5 பவுண்டு உதவித்தொகையில். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது நூல் வந்தது. 1925இல் நாணயக் கொள்கையை ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். திறமை அவருடையது, அது அந்த அறைவரை போய்ச்சேர பணமும் தேவைப்பட்டது.

பெருநிறுவனங்களில் பயிற்சி பெறுவோருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தது இதே ஒன்றிய அரசுதான். தன் கொள்கை அறைக்கு வரும் மாணவருக்கு மட்டும் ஏன் கைவிரிக்கிறது?

நாம் கேட்க வேண்டியவை மூன்று: உதவித்தொகையும் தங்குமிடமும் கொடு. 85 விழுக்காட்டு நிபந்தனையை நீக்கு. பயிற்சிக்கு எடுத்தவர்களின் சாதிவாரிக் கணக்கை வெளியிடு. வறுமையை அளக்கும் மேசையில், அதில் வளர்ந்தவர்களுக்கும் நாற்காலி வேண்டும்.