மழையைக் குறித்து மெய்ச்சாட்சி



2023-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று கழக்கூட்டத்தில் நமது தமிழ்ச் சபையார் ஆராதனைக்குக் கூடிவர இயலவில்லை. முந்தின இரவு திருவனந்தபுரத்தில் கொட்டிய பெருமழையினால் தெற்றியாறு கரைபுரண்டிருந்தது. டெக்னோபார்க் பகுதியிலும் அதைச் சுற்றிய தாழ்வான தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. நம்முடைய விசுவாசக் குடும்பங்கள் சிலவற்றில் அரிசி, பாய், மெத்தை, பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் யாவும் நனைந்து போயின.

அந்த வாரத்து உபவாச ஜெபத்தில் வயதில் மூத்த சகோதரர் ஒருவர் எழுந்து, "இது தேவகோபம், இந்தத் தெருக்களில் நடக்கிற அக்கிரமத்திற்கு வந்த தண்டனை" என்றார். கணினி நிறுவனத்தில் பணிபுரியும் வாலிபர் ஒருவர், "இல்லை ஐயா, எல்லாம் காலநிலை மாற்றம்தான்" என்றார். வீட்டிலிருந்து சேற்றை வாரிக் கொட்டிவிட்டு வந்திருந்த ஒரு சகோதரியோ கண்ணீரோடு என்னைப் பார்த்து, "பாஸ்டர், நாங்கள் என்ன செய்தோம்?" என்று கேட்டார்.

அன்று அவருக்காக ஜெபித்து அனுப்பினேனேயன்றிப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவுமில்லை. ஆகவே இம்மாதம் அதற்கான பதிலை எழுத விரும்புகிறேன்.

சீலோவாம் கோபுரம்

எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைக் குறித்து ஆண்டவர் பேசியதை நாம் அறிவோம் (லூக்கா 13:4,5). மாண்டவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் அதிகப் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் அங்கேயே மறுத்தார். கேட்டவர்களையே மனந்திரும்ப அழைத்தார். ஆகையால் நனைந்த வீட்டைக் காட்டி, அங்கே குடியிருப்பவர்மேல் குற்றஞ்சாட்ட நமக்கு அதிகாரமில்லை. மூத்த சகோதரருக்கு இதுவே போதுமான பதில்.

வாலிபர் சொன்னதையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. ஒரே சாட்சியின் வார்த்தையினால் யாரையும் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்பது நியாயப்பிரமாணம் (உபாகமம் 19:15). ஒரு மழைக்கு மனிதனே காரணம் என்று சொல்வதும் ஒரு குற்றச்சாட்டுதான். அதற்கும் சாட்சி வேண்டும்.

இரண்டு உலகங்கள்

அந்தச் சாட்சியை விஞ்ஞானிகள் எவ்விதம் விசாரிக்கிறார்கள்? தொழிற்சாலைகள் பெருகுமுன் பூமியின் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 280 பங்காக இருந்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததனாலும் காடுகளை அழித்ததனாலும் இப்போது அது 420 பங்கையும் தாண்டிவிட்டது. இவ்வாயு பூமியின் வெப்பம் வெளியேறாதபடி தடுக்கிறது. மனிதச் செயல்களே பூமியைச் சூடாக்கின என்பதில் ஐயமில்லை என்று 2021-இல் ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை அறிஞர் குழு அறிவித்தது.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். குடம் பெரிதானால் கவிழும்போது கொட்டுகிற தண்ணீரும் அதிகம் அல்லவா? இது பொதுவான விதி. குறிப்பிட்ட ஒரு நாளின் மழையைக் குறித்துச் சொல்ல வேண்டுமானால், விஞ்ஞானிகள் பழைய மழைப் பதிவேடுகளை ஆராய்கிறார்கள். பின்பு கணினியில் இரண்டு உலகங்களை ஒப்பிடுகிறார்கள். ஒன்று இன்றைய சூடான உலகம். மற்றொன்று மனிதன் சூடாக்காதிருந்தால் இருந்திருக்கும் உலகம். இப்படிப்பட்ட பெருமழை இரண்டிலும் எத்தனை முறை, எவ்வளவு கடுமையாக வருகிறது என்று பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் 2003-ஆம் ஆண்டு பல்லாயிரம் பேரைப் பலிகொண்ட கடும் வெப்பத்தை 2004-இல் இவ்விதமாக ஆராய்ந்தது இத்துறையின் தொடக்கங்களில் ஒன்று.

இரண்டு தீர்ப்புகள்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏற்கெனவே நனைந்திருந்த மலையின்மேல் ஒரே நாளில் 140 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் என்னும் விஞ்ஞானிகள் குழு இதை ஆராய்ந்து, மனிதனால் உண்டான வெப்ப உயர்வு அம்மழையை ஏறக்குறைய 10 சதவீதம் கடுமையாக்கியது என்று கண்டது. அதாவது 127 மில்லிமீட்டர் அளவில் நின்றிருக்க வேண்டிய மழை 140 ஆனது. முழு மழையையும் மனிதன் உண்டாக்கவில்லை. நிறைந்திருந்த குடத்தில் அவன் மேலும் ஊற்றினான்.

2015 டிசம்பர் முதல் தேதியில் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, சென்னை மூழ்கியது. அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வெப்ப உயர்வின் பங்கு அதில் தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். காற்றிலுள்ள மாசுத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்து, வெப்பத்தின் விளைவை மறைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். எல்லாவற்றிற்கும் 'ஆம்' என்று சொல்லும் சாட்சியை எந்த நியாயாதிபதியும் நம்பமாட்டார். சென்னைக்கு 'தெரியவில்லை' என்று சொன்ன அதே ஆராய்ச்சி முறைதான் வயநாட்டிற்கு 'ஆம்' என்கிறது. ஆகவேதான் அந்த 'ஆம்' நம்பத்தக்கதாயிருக்கிறது.

நம் கழக்கூட்டத்திலும் வானம் மாத்திரம் காரணமன்று. தண்ணீர் தங்கும் வயல்கள் நிரப்பப்பட்டு, தோட்டின் கரைகள் நெருக்கப்பட்ட இடத்தில் மழைநீர் எங்கே போகும்? 'எல்லாம் காலநிலை மாற்றம்' என்று சொல்லிவிட்டால், தோட்டைக் குறுக்கியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 'காலநிலை மாற்றமே இல்லை' என்றால், காற்றைச் சூடாக்கியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். இரண்டும் பொய்ச்சாட்சியே.

ஆடுகளின் கேள்வி

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். தாவீது ஜனங்களை எண்ணினபோது கொள்ளைநோய் ஜனங்கள்மேல் வந்தது. அப்போது ராஜா, பாவம் செய்தவன் தானே என்றும், இந்த ஆடுகள்மேல் என்ன குற்றம் என்றும் தேவனிடம் கதறினான் (2 சாமுவேல் 24:17). ஒருவர் செய்வது மற்றொருவர்மேல் வந்து விழுகிறது என்பதை வேதம் மறைக்கவில்லை.

ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கி, பேருந்தில் வேலைக்குச் செல்லும் நம் சகோதரி பூமியைச் சூடாக்கியதில் எவ்வளவு பங்கு கொண்டிருப்பார்? மிகச் சொற்பம். ஆனால் வாடகை குறைவு என்று தாழ்வான இடத்தில் குடியிருப்பவர் அவரே. தண்ணீர் முதலில் ஏறுவது அவர் வீட்டில்தான். சகோதரியே, உன் பாவத்தினால் உன் வீடு நனையவில்லை. மனிதர் செய்ததின் ஒரு பங்கு உன்மேல் விழுந்திருக்கிறது. இதுவே நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்.

நாம் செய்ய வேண்டியது

வாடகை வீடு பார்க்கும்போது, 2023-இல் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை வரக்கூடும் என்பதைக் குறிக்கிறது. அதை அலட்சியம் செய்யாதிருங்கள். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையிலிட்டு உயரத்தில் வையுங்கள். மாடியில் வசிக்கும் விசுவாசிகள், அப்படிப்பட்ட இரவில் கீழே இருப்பவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருப்போரும் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்போரும் தங்கள் பங்கைத் தாங்களே ஆராய்ந்து பார்க்கட்டும்; என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அடுத்த பெருமழை வரும்போது நனைந்தவர்மேல் குற்றம் சுமத்தும் செய்தி உங்கள் கைபேசிக்கு வரக்கூடும். அதை அடுத்தவருக்கு அனுப்பாதிருங்கள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டிற்குச் செல்லுங்கள். மெய்ச்சாட்சி அங்கே தொடங்குகிறது.

கர்த்தர் தாமே உங்கள் வாசற்படிகளைக் காத்தருள்வாராக. ஆமென்.