“எல்லாம் நார்மல்மா... அடுத்த மாசம் வாங்க!” - கர்ப்பிணிகள் தனியார் மருத்துவமனையில் கேட்க மறக்கும் விஷயங்கள்

காலை பத்து மணிக்கே டோக்கன் வாங்கியாகிவிட்டது. நம்பர் 27. எடையும் பி.பி.யும் பார்த்த நர்ஸ், ஃபைலில் குறித்துவிட்டு உட்காரச் சொல்கிறார். ஏ.சி. ஹால், சுவரில் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள், சத்தமில்லாமல் ஓடும் டி.வி. பன்னிரண்டரைக்கு உள்ளே கூப்பிடுகிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்து, “எல்லாம் நார்மல்மா. மாத்திரையை விடாம போடுங்க, அடுத்த மாசம் வாங்க” என்கிறார் டாக்டர். மொத்தம் ஐந்து நிமிடம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான், ‘கட்டாயம் கேட்கணும்’ என்று முதல் நாள் இரவு கணவரிடம் சொல்லிவைத்த மூன்று கேள்விகளும் ஞாபகத்துக்கு வருகின்றன.

தனியார் மருத்துவமனைக்குச் செக்கப் போகும் பல பெண்களுக்கு இது பழகிய காட்சி. மனதுக்குப் பிடித்த டாக்டர், கடைசிவரை அவரே பார்ப்பார் என்ற தைரியம், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேர ஓ.பி., அன்றைக்கே கையில் ஸ்கேன் ரிப்போர்ட். கொடுக்கும் பணத்துக்கு இவையெல்லாம் கிடைக்கின்றன, சின்ன விஷயமில்லை. ஆனால், பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று உண்டு. அரசு அமைப்பில் செக்கப்புக்கு வராத கர்ப்பிணியைத் தேடி கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வருவார். தனியாரில் பெரும்பாலும் ஒரு எஸ்.எம்.எஸ். வரும், அவ்வளவுதான். எந்தப் பரிசோதனை எந்த வாரத்தில் என்பதைக் கர்ப்பிணியும் வீட்டாரும்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் செவிலியரைத் தனியாருக்குப் போகிறவர்களும் ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. காரணம், ‘பிக்மி’ எண். தமிழ்நாட்டில் பிரசவம் எங்கே நடந்தாலும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள். பிக்மி இணையதளத்தில் கர்ப்பிணியே முன்பதிவு செய்யலாம். செவிலியர் சரிபார்த்த பிறகு எண் கிடைக்கும். பிரசவ அறைக்குப் போகும் நாளில் இதற்காக அலையும் கணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றாம் மாதத்துக்குள் பதிவை முடித்து, எண்ணை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

வாரக் கணக்குதான் முக்கியம்

வீட்டில் பேச்சு மாதக் கணக்கில் ஓடும். மருத்துவமனையில் வாரக் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். பொதுவாக 28 வாரம்வரை மாதம் ஒருமுறை, 36 வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் வாராவாரம் செக்கப். முதல் தடவையே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகை, சிபிலிஸ் என ஒரு பெரிய பட்டியலை எழுதித் தருவார்கள். பில்லைப் பார்த்து மலைக்கத் தோன்றும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலும் எடுக்கப்படுபவைதான். தேவையில்லாதது என்று ஒதுக்கிவிட முடியாது. தாயின் ரத்தம் நெகட்டிவ், கணவரின் ரத்தம் பாசிட்டிவ் என்றால், ‘ஆன்டி-டி’ ஊசி எப்போது என்று அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தள்ளிப்போடவே கூடாதவை இரண்டு ஸ்கேன்கள். ‘என்.டி.’ ஸ்கேனுக்கு 11-வது வாரத்திலிருந்து 14-வது வாரம் தொடங்கும்வரைதான் நேரம். ஊர்த் திருவிழா, ஆடி மாசம் என்று இரண்டு வாரம் தள்ளினால் அந்த வாய்ப்பு போனதுதான். அதோடு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்தால், குழந்தைக்குக் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு இரவெல்லாம் அழுத பெண்கள் உண்டு. ரிப்போர்ட்டை டாக்டர் எதிரில் பிரிப்பதே நல்லது.

அடுத்தது, 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ‘அனாமலி’ ஸ்கேன். குழந்தையின் தலை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஏதாவது பெரிய குறை தெரிந்தால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும், குடும்பம் உட்கார்ந்து யோசிக்கவும் அவகாசம் வேண்டும். 24 வாரம் தாண்டிவிட்டால், கர்ப்பத்தைக் கலைப்பது பற்றிய முடிவு மருத்துவ வாரியத்திடம் போய்விடும். அதனால்தான் இந்த அவசரம். ஸ்கேன் அறையில் ‘என்ன குழந்தை?’ என்று மாமியார் ஆசையாகக் கேட்டாலும் பதில் வராது, வரவும் கூடாது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் சொல்வதும் குற்றம்.

அந்தக் குளுக்கோஸ் டம்ளர்

சர்க்கரைப் பரிசோதனையில்தான் குழப்பம் அதிகம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்குமேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை நோய். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் எடுக்கக்கூடிய இந்த எளிய முறையை நாட்டில் பரவலாக்கியதில் சென்னையின் டாக்டர் வி.சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு; அவர் பிறந்த மார்ச் 10-ஐ கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறார்கள். ஆனால், சில தனியார் மருத்துவமனைகளில் வெறும் வயிற்றில் வரச்சொல்லி மூன்று முறை ரத்தம் எடுக்கும் முறையும் இருக்கிறது. எந்த முறை என்று முதல் நாளே கேட்காமல், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். குளுக்கோஸ் குடித்த கொஞ்ச நேரத்திலேயே வாந்தி வந்தால், மறைக்காமல் லேப்பில் சொல்லிவிட வேண்டும். இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை நார்மல் என்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு: இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. டீ, காபியோடும் வேண்டாம். ஆளுக்கொரு நேரம் ஒதுக்கிவிடலாம்.

ஏழாம் மாதம்... ஊர் மாற்றம்

வளைகாப்பு முடிந்து, கண்ணாடி வளையல் குலுங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது தனியார் சிகிச்சையின் பெரிய பலமே அறுந்துபோகிறது. சென்னையில் ஏழு மாதம் பார்த்த டாக்டர் அங்கேயே இருப்பார்; பிரசவம் தஞ்சாவூரிலோ, கோவில்பட்டியிலோ. புது டாக்டருக்கு அந்தப் பெண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கையிலிருக்கும் ஃபைல் சொல்வதுதான். லேப் ரிப்போர்ட் ஒன்று செல்போனில், ஸ்கேன் ஒன்று கணவரின் மெயிலில், ஊசி போட்ட தேதி யாருக்கும் ஞாபகமில்லை என்றால், பாதிப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன், பழைய டாக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்கிவிட வேண்டும். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்கு ஆறாம் மாதமே ஒருமுறை போய் வந்துவிடுவது இன்னும் நல்லது.

அங்கே போனதும் கேட்கச் சங்கடப்படும் கேள்விகள்தான் முக்கியமானவை. ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் இருப்பார்கள்? மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? ரத்தத்துக்கு எங்கே போக வேண்டும்? குழந்தைக்கு மூச்சுத்திணறல் என்றால் இங்கேயே பார்ப்பார்களா, வேறு எங்காவது அனுப்புவார்களா? பேக்கேஜில் சிசேரியன், குழந்தை டாக்டர் கட்டணம், கூடுதல் நாள் வாடகை அடங்குமா? இன்ஷூரன்ஸ் இருந்தாலும் மகப்பேறுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். பாலிசியைப் படித்துவிட வேண்டும்.

சிசேரியன் பற்றியும் முன்கூட்டியே பேசலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்குச் சுமார் 64 பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. எல்லாமே காசுக்காக என்று சொல்லிவிடுவது சுலபம். முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர்கள், வலிக்குப் பயந்து கேட்பவர்கள், ஜோசியரிடம் நேரம் குறித்து வருபவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ‘என் விஷயத்தில் எதற்காகச் சிசேரியன் தேவைப்படலாம்?’ என்று எட்டாம் மாதத்தில் நிதானமாகக் கேட்டால், நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்தப்போக்கு, நீர் உடைவது, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது, முகம் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது - இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. வழியில் அரசு மருத்துவமனை பக்கமென்றால் அங்கேயே இறங்கிவிடலாம். பணம் கட்டிய இடத்துக்கே போக வேண்டும் என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அம்மா வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கட்டும். வலியில் இருப்பவரிடம் சாவி கேட்டுக்கொண்டிருக்க முடியாது.