நெட்டுரு அறிவியலாகுமா?

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒளிச்சேர்க்கை யாது என வினவினால், நூலிற் கண்ட நான்கு வரிகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கின்றான். வேப்பமர நிழல் விழும் வரப்போரத்தில் நெற்பயிர் ஏன் சவலையாய் நிற்கின்றது என அவனையே வினவினால் வாய் திறவான். பயிரும் அவன் கண்டதே. பாடமும் அவன் படித்ததே. இரண்டையும் இணைக்கும் பாலந்தான் கட்டப்படவில்லை. 6 முதல் 8 வரையுள்ள நடுநிலை வகுப்புகளில் அறிவியல் கசப்பதற்கு இதுவே முதற் கரணியம்.

ஆங்கில வழி வகுப்பில் இக்குறை இருமடங்காகின்றது. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அங்கே பதினோரகவைப் பிள்ளை பொருளையும் அறியவேண்டும். அப்பொருளைப் போர்த்திருக்கும் அயற்சொல்லையும் அவிழ்க்கவேண்டும். சொல்லோடு போராடிக் களைத்த அறிவு பொருளை எட்டுவது யாங்ஙனம்? 'போட்டோசிந்தசிசு' என்பது ஆங்கிலர்க்கும் தாய்மொழிச் சொல்லன்று. ஒளி, கூட்டுகை என்று பொருள்படும் கிரேக்க வேர்களால் ஆக்கப்பட்டது. ஆங்கிலக் குழந்தைக்கும் அதனைப் பிரித்துக் காட்டியே விளக்கவேண்டும். தமிழ்க் குழந்தைக்கோ, ஒளிச்சேர்க்கை என்று கேட்ட அளவிலேயே ஒளி புலனாகின்றது. ஏதோ ஒன்று சேர்கின்றது என்பதும் புலனாகின்றது. 'எது சேர்கின்றது?' என்னும் வினா தானே எழுகின்றது. வினா எழுந்த இடத்திலன்றோ அறிவியல் தொடங்குகின்றது!

தமிழ் அறிவியலைத் தாங்குமா என்று ஐயுறுவார்க்கு ஈழம் நெடுநாள் முன்னரே விடையிறுத்துவிட்டது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், தமிழைக் கற்றார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1860களில் மானிப்பாயில் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தினார். அயலவர் ஒருவர் மருத்துவத்தையே தமிழிற் கற்பித்துக் காட்டிய பின்னும், ஆறாம் வகுப்பு அறிவியலுக்குத் தமிழ் போதாது என்பது அறியாமையன்றி வேறென்ன?

எனினும், தனித்தமிழ் அன்பர் தம் நெஞ்சையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தல் நன்று. பிராணவாயுவை உயிர்வளி ஆக்கியதும், தாவர சாத்திரத்தை நிலைத்திணையியல் ஆக்கியதும் பெருமைக்குரிய பணிகளே. ஆனால் சொல்லைத் தூய்மையாக்கியதோடு கடமை முடிந்தது எனக் கருதுதல் பிழை. பொருளைக் காணாது உருப்போடும் பிள்ளைக்கு உயிர்வளியும் பிராணவாயுவும் ஒன்றே, இரண்டும் வெற்றொலிகளே. நல்ல தமிழில் நெட்டுருப் போட்டாலும் அது நெட்டுருவே, அறிவாகாது.

கண்ணாற் காணச் செய்தற்குப் பெரும்பொருள் வேண்டா. தொட்டிச் செடி ஒன்றை இரண்டு நாள் இருட்டில் வைத்து, பின் ஓரிலையின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மூடிப் பகல் முழுதும் வெயிலில் வைக்கவேண்டும். மாலையில் அவ்விலையைப் பறித்துக் கொதிநீரில் இட்டெடுத்து, அடுப்பை அணைத்தபின், வெந்நீர்க் கலத்துள் நிறுத்திய எரிசாராயத்தில் ஆசிரியரே அதன் பச்சையத்தை நீக்கவேண்டும். பின் இலையைக் கழுவி அயோடின் கரைசலைச் சில துளி விட்டால், ஒளி பட்ட பகுதி கருநீலமாகும்; மூடியிருந்த பகுதி ஆகாது. ஒளியின்றேல் மாப்பொருள் இல்லை என்பதை இலையே எழுதிக் காட்டும். வரப்போரப் பயிரின் சவலையும் அப்பொழுதே விளங்கும்.

நெம்புகோலுக்கு வீட்டுக் கருவிகளே சாலும். கத்தரிக்கோலில் நடுவே இருப்பது ஊன்றிடம்; பாக்குவெட்டியில் நடுவே இருப்பது பாக்கு; முள்வாங்கியில் நடுவே அழுத்துவது விரல். மூவகை நெம்புகோலும் ஒரு தட்டில் அடங்கிவிட்டன. மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதையும், எலுமிச்சைச் சாறு போதிய அளவு பட்டால் மீண்டும் மஞ்சளாவதையும் ஆலத்தித் தட்டிலேயே காட்டலாம்.

கண்டதைப் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் இரண்டு வரி எழுதவேண்டும். வீட்டிற்குச் சென்று பாட்டியிடம் கூறவேண்டும். பள்ளி செல்லாத பாட்டிக்கு விளங்கினால், பிள்ளைக்கு விளங்கிற்று என்று துணியலாம். பாட்டியிடம் ஆங்கிலத்திலா கூறமுடியும்? தாய்மொழிவழிக் கல்வியின் தேவையை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று வேறு வேண்டா. சொல் வினாவை எழுப்பும். செய்கை விடை தரும். தன் வாய்மொழி அதனை நிலைநிறுத்தும். தேர்வு வினாவும் இதற்கேற்ப மாறவேண்டும். 'வரையறை தருக' என்பதோடு நில்லாமல், 'நிழலில் பயிர் மெலிவதேன்?' என்றும் வினவவேண்டும்.

ஊர்தோறும் மன்றம் வைத்து மொழிகாக்க முனைவோர், கிழமைக்கு ஒரு மாலை அம்மன்றத்தின் கதவைப் பள்ளிப் பிள்ளைகட்குத் திறந்துவிடட்டும். ஒரு செடி, ஓர் எலுமிச்சை, ஒரு பாக்குவெட்டி ஆகியவை போதும். அறிவியலைத் தமிழில் எண்ணத் தெரிந்த தலைமுறை ஒன்று எழுந்துவிடின், தமிழால் இயலுமா என்று வினவுவார் எவரும் இரார். அது மேடை முழக்கத்தால் எழாது. கருநீலமான அவ்விலையைக் கண்டு வியந்த கண்களிலிருந்தே எழும்.